மாப்பிள்ளையின் மதர்போர்ட்

ஸலாஹுதீனின் கடை மேசையில் இரண்டு மதர்போர்ட்கள் கிடந்தன. இன்ஷாப் ஒன்றைத் தூக்குவான், வெளிச்சத்துக்குப் பிடிப்பான், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்துகூடப் பார்ப்பான், வைப்பான். பிறகு மற்றதைத் தூக்குவான். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று, ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டார்கள். இவன் இன்னும் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றான்.

“மாப்புள, எங்கட ஸில்மியாவப் பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் யோசிச்சீங்களா?” என்றார் ஸலாஹுதீன்.

“அண்டைக்கு ஒரு பொண்ணுதானே காக்கா இரிந்தா. இஞ்ச ரெண்டு கிடக்கே.”

ஸலாஹுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். கல்முனைப் பிரதான வீதியில் கணினிச் சாமான் விற்கிற மனிதர். இன்ஷாப் அவரை அண்ணன் என்கிற மாதிரிக் காக்கா என்பான். அவனுடைய மாமிக்கு, ஸில்மியாவின் உம்மாவுக்கு, தூரத்துத் தம்பி முறை. அந்த உரிமையில்தான் இந்தப் பகிடி. ஆனால் இன்ஷாபுக்குச் சிரிப்பு வாய் வரைக்கும்தான் வந்தது. உள்ளே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏன் என்று சொன்னால்தான் விளங்கும். இன்ஷாப் தோஹாவில் வேலை பார்த்தவன். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் காட்டுகிற வேலை. அங்கே இருக்கும்போதுதான் அவனுடைய வாப்பா மௌத்தானார். ஜனாஸாவை அடக்கக் கொண்டுபோனதை போனில் பார்த்தான். யாரோ ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் பாதி நேரம் வானமும் தென்னை மட்டையும்தான் தெரிந்தன. அந்த அரைகுறைப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

கல்யாணத்துக்கென்று ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. இப்போது ஸில்மியா வயிற்றில் பிள்ளை. தோஹா மேனேஜர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு சொல் சொன்னார். ஒரு ஹோட்டலின் முன்மண்டபம். உள்ளே நடந்து போவதுபோல ஒரு வீடியோ. அதை ஊரிலிருந்தே செய்து வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பினால், இனி வீட்டிலிருந்தே வேலை. அனுப்ப முடியாவிட்டால் அந்த இடம் அதே வீடியோவைச் செய்கிற வேறொருவனுக்கு. இன்ஷாப் தோஹாவுக்கு வந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இரண்டு வருடம் என்றால் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, வாப்பா என்று போனைப் பார்த்துச் சொல்லப் பழகியிருக்கும்.

அந்த வீடியோவைச் செய்து முடிக்க அவனுடைய கணினிக்கு வேகம் வேண்டும். தோஹாவிலிருந்து காலுறையில் சுற்றிச் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்த புரொசசர் கையில் இருந்தது. கம்பனி குறித்த வேகத்துக்கு மேலேயும் ஏற்றி ஓட்டக்கூடிய சாதி. அப்படி ஏற்றுவதைத்தான் ஓவர்குளொக் என்பார்கள். ஏற்றினால் வேலை தவணைக்குள் முடியும், ஏற்றாவிட்டால் முடியவே முடியாது. ஆனால் வேகம் ஏற ஏற அது கரண்டைக் குடிக்கும், கொதிக்கும். அந்தக் கரண்டைத் தளம்பாமல் கொடுப்பது மதர்போர்ட். இவனுடைய பழைய போர்டோ மாரி மழையில் இடி விழுந்து கருகிப் போயிருந்தது.

“இது பாவிச்சது,” என்று கறுப்பு போர்டைத் தட்டினார் ஸலாஹுதீன். “ஆனா கரண்ட் குடுக்கிற பக்கம் பாருங்க, எவ்வளவு தடிப்பான அலுமினியம். சூட்ட இழுத்துத் தள்ளிரும். மற்றது புதுசு. லைட்டெல்லாம் பெருநாள் மாதிரி எரியும். உள்ளுக்குச் சாமான் அவ்வளவு இல்ல. என்னக் கேட்டா கறுப்பு.”

“பாவிச்ச ஆள் எப்பிடிப் பாவிச்சானோ.”

“என்டல்லாஹ். அப்ப புதுச எடுங்க.”

“புதுசு சூடு தாங்குமா?”

ஸலாஹுதீன் கல்லாவுக்குப் பின்னால் போய்த் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். கடைசியில் இன்ஷாப் கறுப்பு போர்டைத்தான் வாங்கினான். வாங்கி, மோட்டார் சைக்கிளில் ஏறி, சந்தி வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் மற்றதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில். வீடு என்றால் ஸில்மியாவின் வீடு. இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வந்த மாப்பிள்ளையை ராசாவைப்போல வைத்திருப்பார்கள். அதுதான் இன்ஷாபின் கரைச்சல். சம்மாந்துறை வயற்காட்டில் வரப்பு வெட்டி வளர்ந்தவனுக்கு இங்கே தண்ணீர் கோப்பைகூடக் கையில் வந்து சேரும். ஒரு தேங்காய் உரிக்கப் போனால் மாமி பதறிப்போய் மகளை ஏவி வாங்கிக்கொள்வார். மாமி சல்மா உம்மா அவனோடு முகத்துக்கு முகம் கதைப்பதே இல்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மருமகனுக்கு இன்னும் சோறு வைக்கட்டாமா எண்டு கேளு புள்ள,” என்று மகள் வழியாகத்தான் கேட்பார். இவன் அறைக்குள் இருக்கும்போது மாமி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

இன்னொரு சங்கதியும் அந்த வீட்டில் உண்டு. எல்லாவற்றுக்கும் உடுப்பு. குளிர்சாதனப் பெட்டிக்குத் துணி, டிவிக்குத் துணி, தையல் மெசினுக்குத் துணி, வெளியே தண்ணீர் மோட்டருக்கும் பழைய சாரன். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் கடற்கரை வீடுகளில் அப்படித்தான். வயற்காட்டுக்காரனான இன்ஷாப் அதை ஒரு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டான்.

கறுப்பு போர்டைப் பூட்டினான். வேகத்தை ஏற்றினான். புரொசசரை முழுப் பலத்தோடு ஓடவிட்டுச் சோதிக்கிற புரோகிராமைத் தட்டிவிட்டு, திரையை அணைத்து, மேலே மின்விசிறியையும் சுழலவிட்டு மோட்டார் சைக்கிளில் வெளியே போனான். ஸில்மியா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அன்றைக்கு மாலை வகுப்பும் இருந்ததால் இன்னும் வீடு வரவில்லை. பின்னேரம் அஸர் தொழுது, கடற்கரையில் கொஞ்சம் நடந்து, மனம் கேட்காமல் திரும்பி வந்தான். கணினி செத்துக் கிடந்தது. மேலே கை வைத்தால் சுடுகிறது. மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தால், அளவுக்கு மீறிய சூட்டினால் தானாக நின்றதாக அதுவே குறித்து வைத்திருந்தது.

“நான் செல்லல்லயா? பாவிச்ச சாமான்,” என்றான் வீடு வந்த ஸில்மியாவிடம்.

“அப்ப மாத்துங்களே.”

“மாத்தினா மற்றது மட்டும் தாங்குமா?”

ஸில்மியா புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். “இஞ்ச பாருங்க, நீங்க கேட்டு நீங்களே பதில் செல்லுறீங்க. எனக்கு இதுல வேல இல்ல. புள்ள பிறக்கக்குள்ள நீங்க இரிக்கணும். அவ்வளவுதான்.”

அதைக் கேட்டதும் அவனுக்குக் காலில் சுடுதண்ணீர் பட்டதுபோல ஆகிவிட்டது. அடுத்த நாள் கடை திறக்க முதலே போய் வாசலில் நின்றான்.

லைட் எரிகிற போர்டும் வந்தது. அதுவும் அப்படியே. அவன் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒழுங்காக ஓடும். வெளியே போய் வந்தால் நின்றிருக்கும். நேரம் போகப் போகச் சூடு சேர்கிறது என்று நினைத்தான். பிறகு மஃரிப் நேரத்தில் ஊரே லைட்டைப் போடுவதால் வோல்டேஜ் இறங்குகிறது என்று நினைத்தான். ஃபேனைக் கழற்றினான், பூட்டினான், வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினான். தூக்கத்தில்கூட போர்டுகளின் பெயர்களைச் சொல்லிப் பிதற்றுவதாக ஸில்மியா சொன்னாள். சோறு வைத்தால் குழைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவான்.

ஸலாஹுதீனுக்கும் பொறுமை போனது. “உங்கட கறுப்பு போர்ட்ட நான் இஞ்ச கடையில பூட்டி, கடை மூடும் வரைக்கும் ஓட்டினன். ஒரு சத்தம் இல்ல. சம்மாந்துறைப் பொடியன் ஒத்தன் வந்து கையோட வாங்கிட்டுப் பெயித்தான். பிழை போர்டுல இல்ல மாப்புள. உங்கட வீட்டுலதான் என்னமோ.”

“எங்கட வீட்டுல என்ன பேயா இரிக்கி?”

“அது எனக்குத் தெரியா.”

“பழுதான சாமான வித்துப்போட்டு வீட்டக் குறை செல்லுறீங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தது. ஸலாஹுதீன் கொழும்புக்குப் போன் பண்ணி, மூன்றாவதாக ஒரு போர்டை இரவு பஸ்ஸில் போடச் சொன்னார். லைட்டும் இல்லை, அழகும் இல்லை, ஆனால் பாரமான சாமான். அதற்குப் பிறகு பகிடியும் இல்லை.

இதற்கெல்லாம் முந்தியே ஸில்மியா உம்மாவிடம் ஒரு கதை சொல்லியிருந்தாள். அடுப்படியில், மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது. “அந்தப் பெட்டி சரி வந்தாத்தான் உம்மா அவர் இரிப்பார். இல்லாட்டி போயிருவார்.” சல்மா உம்மா வெட்டின மீனைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். இது முதல் போர்ட் வாங்கின அன்று காலை நடந்தது.

மூன்றாவது போர்டைப் புதன்கிழமை விடியப் பூட்டினான். இனிச் சோதிக்க நேரமில்லை. வேகத்தை ஏற்றி, வேலையையே நேராகத் தொடங்கினான். அன்று முழுக்க அவன் அறையை விட்டு அசையவில்லை. தொழுகையும் அங்கேயே, சோறும் அங்கேயே. கணினி ஒரே சீராக ஓடியது. ஹோட்டல் மண்டபம் படம் படமாகப் பிறந்து வந்தது: பளிங்குத் தரை, தொங்குவிளக்கு, கண்ணாடிக் கதவு. வியாழன் பகலுக்குள் வேலையில் பெரும்பங்கு முடிந்துவிட்டது. இப்படியே விட்டால் மஃரிபுக்கு முதல் எல்லாம் முடியும் என்று கணக்குக் காட்டியது.

“வந்திட்டு புள்ள,” என்றான். ஸில்மியா அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அஸருக்குப் பாங்கு சொன்னபோது, இவ்வளவு செய்த அல்லாஹ்வுக்குப் பள்ளிவாசலுக்குப் போய் ஒரு நன்றி சொல்லாமல் இருப்பதா என்று தோன்றியது. ஸில்மியா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போயிருந்தாள். திரையை அணைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். தொழுகை முடிந்தால் ஒரு ஜனாஸா. ஜனாஸாவை விட்டுவிட்டு வர இன்ஷாபுக்கு மனம் வராது. அவனுடைய வாப்பாவின் ஜனாஸாவுக்கும் யாரோ ஊரார்தானே தோள் கொடுத்தார்கள். ஜனாஸாவைச் சுமந்த சந்தூக்கின் பின்னால் மையவாடி வரைக்கும் போனான். மண் போட்டான். துஆ முடிந்து வீட்டுக்கு வரும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கணினி நின்றிருந்தது.

அவன் அதன் முன்னால் நிலத்தில் இருந்தான். சூட்டுக்குப் பயந்து வேகத்தை இறக்கி மறுபடி தொடங்கினால் முடிய நடுச்சாமம் தாண்டும். மேனேஜரை அழைத்துக் காலை வரைக்கும் தவணை கேட்டான். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. ஹோட்டல்காரர்கள் இன்றைக்கே வந்து காத்திருக்கிறார்கள் என்றார் அவர். மற்றவன் தன் வீடியோவை முந்தாநாளே அனுப்பிவிட்டானாம். வீட்டு வேலை அவனுக்கு. உனக்கு இங்கே இடம் இருக்கிறது, வருகிறாயா இல்லையா, இப்போதே சொல் என்றார். பிள்ளை வரப்போகிற வீட்டில் எத்தனை நாளைக்கு வேலையில்லாத ராசாவாக இருப்பது? வருகிறேன் என்றான் இன்ஷாப். பயணச்சீட்டு போனுக்கு வந்து சேர்ந்தது. ஸில்மியா தொழுகைப் பாயிலேயே இருந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை. எது பிழைத்தது என்று தெரியாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு. வீம்புக்குச் சோதனைப் புரோகிராமை ஓடவிட்டு, திரையை அணைத்துவிட்டு, ஜும்ஆவுக்குப் புறப்பட்டான். ஸில்மியா இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சில்லுக்குக் காற்று இல்லை. நடந்துதான் போனான். ஒழுங்கை முடிகிற இடத்தில் தலையைத் தடவிப் பார்த்தான், தொப்பி இல்லை. திரும்பினான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லாமல் அவன் அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல்தடவை. அறைக் கதவுச் சீலை பாதி விலகியிருந்தது. உள்ளே சல்மா உம்மா நின்றார். மருமகனின் அறைக்குள் மாமி கால் வைப்பது எவ்வளவு வெட்கமான காரியம் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கள்ளனைப்போலப் பெருவிரலில் நின்றார். கையில் மருதமுனைக் கைத்தறி விரிப்பு. மகளின் கல்யாணத்துக்கென்று நெய்வித்து, இன்னும் ஒருநாள்கூடக் கட்டிலில் விரிக்காத தடித்த விரிப்பு. அதை இரண்டாக மடித்து, ஓடிக்கொண்டிருந்த கணினிக்கு மேலே போட்டார். திரை கறுத்திருந்தால் அது அவருக்கு அணைந்த சாமான். மேலே மின்விசிறியின் இரைச்சலில் அதன் மூச்சு அவருக்குக் கேட்கவில்லை. காற்றுப் போகிற ஓட்டைகளெல்லாம் மூடும்படி நாலு மூலையையும் இழுத்துச் செருகினார். வாய் ஸலவாத்தை முணுமுணுத்தது. கடைசியில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல இருந்தது.

“இவர இஞ்ச வைச்சிரு ரப்பே,” என்றார்.

இன்ஷாப் பின்காலில் நடந்து வெளியே வந்தான். தொப்பி இல்லாமலே பள்ளிக்குப் போனான். குத்பாவில் என்ன சொன்னார்கள் என்று அவனைக் கேட்டால் தெரியாது. முதலில் அவனுக்கு வந்தது கோபம். கறுப்பு போர்ட் நல்ல போர்ட். லைட் போர்டும் தாங்கியிருக்கும். எத்தனை நாள், எத்தனை அலைச்சல். பிறகு அந்தக் கை அவன் நினைவில் வந்தது, அந்தத் துஆ வந்தது. கோபம் போக இடமில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. கண்ணைத் துடைக்கத் தொப்பியும் இல்லை.

தொழுகை முடிந்து படியிறங்கும்போது ஸலாஹுதீன் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஷாப் போய் அவருடைய கையைப் பிடித்தான்.

“காக்கா, போர்டுல பிழையில்ல. பிழை என்ட பக்கம். செல்லக்கூடாத சொல்லச் செல்லிட்டன். மாப்புக் குடுங்க.”

“என்ன பிழை மாப்புள?”

“அதக் கேட்காதீங்க.”

ஸலாஹுதீன் அவனுடைய கையை இறுக்கினார். “சரி. கேட்கல்ல,” என்றார்.

வாசலுக்கு வந்ததும் இன்ஷாப் நின்று இருமினான். செருப்பைத் தரையில் உரசிச் சத்தம் போட்டான். படலையைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்தான். உள்ளே ஒரு ஓட்டமும் ஒரு கதவுச் சத்தமும் கேட்டு அடங்கிய பிறகுதான் காலை வைத்தான். அறையில் கணினி வெறுமனே நின்றது. அணைந்திருந்தது, கொதித்தது. விரிப்பு கட்டிலுக்குக் கீழே பெட்டியோரம் அவசரத்தில் திணிக்கப்பட்டு, ஒரு மூலை வெளியே தெரிந்தது. அவன் குனிந்து அந்த மூலையைத் தள்ளிவிட்டான்.

சோறு வைத்தபோது ஸில்மியா பொருமினாள். “நான் அந்த ஸலாஹுதீன் மாமாவச் சும்மா விடமாட்டன். பழுதான போர்டுகளக் குடுத்து எங்கட குடியக் கெடுத்துட்டார்.”

“அவர்ல பிழையில்ல,” என்றான்.

“அப்ப ஆருல?”

கதவுச் சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. “போர்டுதானாமா பிழை எண்டு கேளு புள்ள,” என்றது மெல்லிய குரல். “நல்ல போர்டொண்டு கிடைச்சிருந்தா மருமகன் இரிந்திருப்பாரா எண்டு கேளு.”

ஸில்மியா கேட்க முதல் இன்ஷாப் சீலையைப் பார்த்தே சொன்னான். “இல்ல மாமி. போர்டெல்லாம் நல்லம். நான்தான் அவசரத்துல அளவுக்கு மேல வேகம் குடுத்திட்டன். சூடு தாங்கல்ல. என்ட பிழை.”

ஸில்மியாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. “உங்கட பிழையா? இவ்வளவு நாளும் ஆக்கள ஏசினது, ராத்தூக்கம் இல்லாமத் திரிஞ்சது, எல்லாம் உங்கட பிழையாலயா? இப்ப புள்ளையையும் என்னையும் உட்டுட்டுப் போறதும் அதாலயா?”

“ஓம்,” என்றான்.

அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் குழைத்த சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றான். இந்தக் கிழமை முழுக்க அவன் தட்டை முடித்தது அன்றைக்குத்தான்.

பயணம் போகிற அன்று விடிய, கணினியின் வயர்களையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்தான். ஸில்மியா அவனோடு முழு வாயாக இன்னும் கதைக்கவில்லை. உடுப்பை மட்டும் மடித்து மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேன்காரன் ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தான். இன்ஷாப் அறைக்கு வெளியே வந்து, அடுப்படிக் கதவுச் சீலைக்கு முன்னால் நின்றான்.

“மாமி.”

உள்ளே அசைவு நின்றது.

“அந்தப் பெட்டியில இனிக் கரண்ட் இல்ல. நான் வாற வரைக்கும் உப்புக்காத்துப் படும். புள்ள வளர்ந்து அதுல விளையாடணும். நீங்கதான் பார்த்துக்கணும். நல்ல தடிச்ச துணியா ஒண்டு போட்டு மூடி வைங்க.”

சல்மா உம்மா சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் முதன்முறையாக மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“மூடுறன் மகன்,” என்றார்.

அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே குனிந்து அந்த மருதமுனை விரிப்பை எடுத்தார். அவன் ஒரு மூலையைப் பிடித்துக் கொடுத்தான்.